வயதோடு மாறும் மருத்துவத் தேவைகள்: டவுன் சிண்ட்ரோம் உள்ள மகளுடன் 16 ஆண்டுகள்

என் மகளின் மருத்துவ விவரங்களை எழுதி வைக்கும் நோட்டுகளில் இப்போது என் மேசைமேல் இருப்பது நான்காவது. முதல் நோட்டின் பெரும்பகுதி இதயத்தைப் பற்றியது. இரண்டாவதில் காதும் தைராய்டும் நிறைந்திருக்கின்றன. மூன்றாவதில் பக்கத்துக்குப் பக்கம் அவளுடைய தூக்கம். நான்காவதில் கண், மாதவிடாய், மனநிலை என்று முந்தைய மூன்றிலும் இல்லாத தலைப்புகள் வந்துவிட்டன. அவள் பிறந்தபோது, டவுன் சிண்ட்ரோம் என்பது ஒரு முறை தெரிந்துகொண்டு, அழுது தீர்த்து, பிறகு பழகிக்கொள்ள வேண்டிய ஒன்று என்றே நினைத்திருந்தேன். 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருக்கும் நிலை மாறுவதில்லை. ஆனால் அது உடலில் எந்த இடத்தைத் தொடுகிறது என்பது வயதுக்கு வயது மாறுகிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில ஆண்டுகள் ஆயின. அந்தத் தாமதத்தின் பாதிப்பு அவள்மேல்தான் விழுந்தது என்பதால் இதை எழுதுகிறேன்.

பிறந்த இரண்டாம் நாள் குழந்தை மருத்துவர் அவள் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நீண்ட நேரம் கேட்டார். முணுமுணுப்பு, அதாவது துடிப்போடு சேர்ந்து வரும் கூடுதல் சத்தம், எதுவும் கேட்கவில்லை என்றார். நாங்கள் நிம்மதியடைவதற்குள், ஆனாலும் எக்கோ, அதாவது இதயத்தின் ஸ்கேன், எடுத்தே ஆக வேண்டும் என்றார். டவுன் சிண்ட்ரோமோடு பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பிறவி இதயக் குறைபாடு இருக்கிறது. பிறந்த முதல் நாட்களில் நுரையீரல் ரத்தக்குழாய்களின் அழுத்தம் அதிகமாகவே இருப்பதால், இதயத்தில் பெரிய ஓட்டை இருந்தாலும் அதன் வழியே பாயும் ரத்தம் குறைவு. அதனால் சத்தமும் கேட்காமல் போகலாம். எக்கோவில் தெரிந்தது சிறிய குறை இல்லை. மேலறைகளும் கீழறைகளும் சந்திக்கும் நடுப்பகுதியே முழுமையாக உருவாகாமல், இரண்டு வால்வுகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே பொது வால்வு இருந்தது. காதால் கேட்டதோடு அந்த மருத்துவர் நிறுத்தியிருந்தால் எங்களுக்கு எப்போது தெரிந்திருக்கும் என்று இன்றும் யோசிக்கிறேன்.

அடுத்த சில வாரங்களில் நுரையீரல் அழுத்தம் இயல்பாகக் குறையக் குறைய அவளுக்குச் சிரமம் கூடியது. பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்தது. ஐந்து நிமிடம் உறிஞ்சிவிட்டு அசந்து தூங்கிவிடுவாள். தசைத் தளர்ச்சியால் குடிப்பது மெதுவாக இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்ததால், வியர்வையையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டேன். எடை ஏறாததைப் பார்த்த பிறகுதான் அது இதயம் திணறுவதன் அறிகுறி என்று விளங்கியது. நீரை வெளியேற்றும் மருந்தும், பாலில் கலோரி கூட்டும் வழியும் சொல்லித் தந்தார்கள். நான்காம் மாதத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. இவ்வளவு சிறிய குழந்தைக்கா, கொஞ்சம் வளரட்டுமே என்று சொந்தக்காரர்கள் பலரும் சொன்னார்கள். இந்த வகைக் குறைபாட்டில் காத்திருப்பதுதான் ஆபத்து. அளவுக்கு மீறிப் பாயும் ரத்தத்தால் நுரையீரல் குழாய்கள் தடித்து இறுகிவிட்டால், பிறகு ஓட்டையை அடைக்கவே முடியாத நிலை வந்துவிடும். அறுவை சிகிச்சை இல்லாமலே மூச்சிரைப்பு தானாகக் குறைந்து குழந்தை நன்றாக இருப்பதுபோலத் தோன்றினால், அந்த இறுக்கம் தொடங்கிவிட்டதாலும் அப்படித் தோன்றலாம் என்று எங்கள் இதய மருத்துவர் எச்சரித்ததைக் கோடிட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

அந்த முதல் ஆண்டில் வேறு பல பரிசோதனைகளும் நடந்தன. பிறந்த நாட்களிலேயே எடுத்த முழு ரத்த அணுக்கள் சோதனை அவளுக்குச் சரியாக இருந்தது. இந்தக் குழந்தைகளில் சிலருக்குப் பிறந்தவுடன் முதிராத வெள்ளை அணுக்கள் தற்காலிகமாகப் பெருகும். பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும் என்றாலும், அப்படி இருந்தவர்களில் சிலருக்கு 4 வயதுக்குள் ரத்தப் புற்றுநோய் வரக்கூடும் என்பதால் தொடர்ந்து பார்க்க வேண்டும். கண்புரை இருக்கிறதா, குடலில் அடைப்பு இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட்டார்கள்.

பிசியோதெரபி அறையில் பழக்கமான ஒரு தாயின் குழந்தை, ஏழாம் மாதத்தில், தூங்கி எழுந்ததும் கைகளை விரித்துத் தலையை முன்னால் சாய்த்துச் சாய்த்து வரிசையாக அசைவுகள் செய்தான். அதிர்ந்து விழிக்கிறான் என்றார்கள், வயிற்று வலி என்றார்கள். அவர் அதைக் கைபேசியில் படம் பிடித்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டினார். மூளை அலைப் பதிவில் அது கைக்குழந்தைகளுக்கு வரும் ஒரு வகை வலிப்பு என்று உறுதியானது. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கு இது மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. சிகிச்சையை எவ்வளவு விரைவாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. மருத்துவரின் அறையில் குழந்தை எதையும் செய்துகாட்டாது. வீட்டில் வினோதமாகத் தெரியும் எதையும் உடனே படம் பிடித்துவிட வேண்டும் என்ற பழக்கம் அவரிடமிருந்து எனக்கு வந்தது. பின்னாளில் அது எங்களுக்கும் பலமுறை உதவியது.

இனி நான் தவறவிட்டவற்றைச் சொல்ல வேண்டும். பிறந்தபோது செய்த செவிப் பரிசோதனையில் மகள் தேறியிருந்தாள். அந்தத் தாளைக் கோப்பில் வைத்துவிட்டு, காது என்ற விஷயத்தையே மூடிவிட்டேன். இரண்டு வயதை ஒட்டி, முன்பு திரும்பிப் பார்த்தவள் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமல் இருக்க ஆரம்பித்தாள். பத்துச் சொற்கள் இருந்த இடத்தில் ஆறு ஆயின. நாங்கள் பார்த்த ஒரு மருத்துவர், "டவுன் சிண்ட்ரோம்தானே, பேச்சு தாமதமாகத்தான் வரும்" என்றார். அது பொய்யில்லை, பேச்சு தாமதமாகத்தான் வரும். ஆனால் வந்த சொற்கள் ஏன் போயின என்ற கேள்விக்கு அது பதில் இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஏறக்குறைய ஓராண்டு கழித்து, காது மூக்குத் தொண்டை மருத்துவர் அவளுடைய குறுகிய காதுத் துளைக்குள் மைக்ரோஸ்கோப் வைத்துப் பார்த்து, இரண்டு செவிப்பறைகளுக்கும் பின்னால் பிசினைப் போன்ற திரவம் தேங்கி நிற்பதைக் கண்டார். வலியோ சீழோ இல்லாமல் தேங்கும் இந்தத் திரவம் இந்தக் குழந்தைகளிடம் மிகப் பரவலானது. சிறு குழாய் பொருத்தித் திரவத்தை வடித்த பிறகு, அன்று மாலை சாவிக்கொத்து கீழே விழுந்த சத்தத்துக்கு அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். எனக்கு மகிழ்ச்சியும் குற்ற உணர்வும் சேர்ந்தே வந்தன. ஒரு குழந்தை மொழியைப் பற்றிக்கொள்ளும் வயதில் ஓராண்டை மூடிய காதுகளோடு கழித்திருக்கிறாள்.

பிறந்தபோது கேட்டது என்பதை வைத்து இப்போதும் கேட்கிறது என்று முடிவு செய்ய முடியாது. ஒவ்வொரு காதையும் தனித்தனியாகச் சோதிக்கும் அளவுக்குக் குழந்தை ஒத்துழைக்கும்வரை 6 மாதத்துக்கு ஒரு முறையும், அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் செவியைச் சோதிக்க வேண்டும். பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போகும் பெற்றோரைச் சந்திக்கும்போதெல்லாம், கடைசியாகக் காது பார்த்தது எப்போது என்று கேட்கிறேன். சிலருக்கு நான் தலையிடுவது பிடிக்காமல் போகலாம், பரவாயில்லை.

தைராய்டில் அந்தத் தவற்றைச் செய்யவில்லை என்றால் அதற்குக் காரணம் என் கவனம் இல்லை. மருத்துவர் நாள்காட்டி போட்டுக் கொடுத்ததுதான். பிறந்தவுடன், 6 மாதத்தில், 12 மாதத்தில், பிறகு ஆண்டுதோறும் என்பது அந்தக் கணக்கு. தைராய்டு குறைந்தால் வரும் மலச்சிக்கல், உலர்ந்த தோல், சோர்வு, மந்தமான வளர்ச்சி ஆகிய எல்லாமே டவுன் சிண்ட்ரோமிலும் தனியாக இருக்கக்கூடியவை என்பதால், கண்ணால் பார்த்து வேறுபடுத்தவே முடியாது. 4 வயதில் அவளுடைய டி.எஸ்.எச். அளவு, அதாவது தைராய்டு குறையும்போது ரத்தத்தில் உயரும் ஹார்மோனின் அளவு, ஏறியிருந்தது. லேசான ஏற்றத்துக்கு உடனே மருந்து தராமல் மீண்டும் சோதித்துப் பார்ப்பதுண்டு. அவளுக்கு அடுத்த சோதனையில் அது மேலும் கூடியிருந்ததால் மாத்திரை தொடங்கியது. காலையில் வெறும் வயிற்றில் தர வேண்டும். இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். முதல் மூன்று மாதம் நான் இரண்டையும் சேர்த்தே கொடுத்து, அளவு ஏன் இறங்கவில்லை என்று குழம்பிக்கொண்டிருந்தேன். இரும்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் குழந்தைகளின் சிவப்பணுக்கள் இயல்பாகவே அளவில் சற்றுப் பெரியவை. இரும்புச் சத்து குறைந்தால் அணுக்கள் சிறுக்கும் என்பதே வழக்கமான அடையாளம் என்பதால், இவர்களிடம் அந்தக் குறை ரத்த அணுச் சோதனையில் மறைந்துவிடலாம். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேட்பது நல்லது.

மூன்றாவது நோட்டு அவளுக்கு 6 வயதானபோது தொடங்குகிறது. இரவில் சம்மணமிட்டு உட்கார்ந்து, முன்னால் மடிந்து, தலையை மெத்தைமேல் வைத்துத் தூங்குவாள். உடம்பு அவ்வளவு வளைகிறதே என்று நாங்கள் அதைப் படம் எடுத்து உறவினர்களுக்கு அனுப்பியதுண்டு. மூச்சுப்பாதை அடைபடாமல் இருக்க அவள் உடல் தானாகக் கண்டுபிடித்த வழி அது. டவுன் சிண்ட்ரோம் உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும், அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், 3 முதல் 4 வயதுக்குள் இரவுத் தூக்கப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று பரிந்துரை இருக்கிறது. ஏனென்றால் பெற்றோர் கவனித்துச் சொல்வதும் பரிசோதனை காட்டுவதும் பல நேரங்களில் ஒத்துப்போவதில்லை. எங்களுக்கு அது இரண்டு ஆண்டு தாமதமாக நடந்தது. பகலில் அவள் தூங்கி வழியவில்லை. மாறாக ஓடிக்கொண்டே இருந்தாள், எரிச்சல்பட்டாள், எதிலும் கவனம் நிற்கவில்லை. கவனக் குறைபாடு என்று பள்ளியில் சொல்லிக்கொண்டிருந்தது, நன்றாகத் தூங்காத குழந்தையின் களைப்பு. டான்சிலையும், மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையையும் எடுத்தார்கள். அத்துடன் முடிந்தது என்று நினைத்தோம். இவர்களில் பலருக்கு அறுவைக்குப் பிறகும் அடைப்பு மிச்சமிருக்கும் என்பதால் மீண்டும் ஒரு தூக்கப் பரிசோதனை செய்தார்கள், மிச்சம் இருந்தது. இரவில் காற்றழுத்தம் தரும் கருவியின் முகமூடியை அவள் ஏற்றுக்கொள்ள நான்கு மாதங்கள் ஆயின. முதல் வாரங்களில் அதைக் கையில் வைத்து விளையாட விட்டோம். பிறகு பொம்மைக்கு மாட்டினோம். பிறகு பகலில் கதை சொல்லும் நேரத்தில் மட்டும், கருவியை ஓட்டாமல், அவள் முகத்தில் வைத்தோம். அவசரப்படுத்திய இரண்டு இரவுகள் எங்களை மூன்று வாரம் பின்னுக்குத் தள்ளின.

அறுவை சிகிச்சைக்கு முன் மயக்க மருத்துவரிடம் கட்டாயம் பேச வேண்டியவை சில இருக்கின்றன. இந்தக் குழந்தைகளின் மூச்சுக்குழல் குறுகலாக இருக்கலாம். மயக்கம் தரும்போது இதயத்துடிப்பு குறையலாம். கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான பிணைப்பு தளர்வாக இருக்கலாம் என்பதால் கழுத்தை அதிகம் வளைக்கக் கூடாது. கழுத்தைப் பொறுத்தவரை, ஒரு முறை எடுத்த எக்ஸ்ரே நன்றாக இருந்தால் பிறகும் நன்றாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. எனவே அறிகுறிகளைத் தெரிந்து வைத்திருப்பதே பாதுகாப்பு. நடை மாறுதல், கைகால் பலம் குறைதல், தலையை ஒரு பக்கமாகவே சாய்த்திருத்தல், கழுத்து வலி, அடக்கப் பழகிவிட்ட சிறுநீரும் மலமும் மீண்டும் தன்னையறியாமல் போதல் ஆகியவற்றில் எது புதிதாகத் தோன்றினாலும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். குட்டிக்கரணமும் டிராம்போலினும் எங்கள் வீட்டில் கிடையாது.

அவளுக்கு 9 வயதில் நடந்தது என்னை மிகவும் மாற்றியது. ஐந்து நாட்களாகச் சரியாகச் சாப்பிடாமல், தட்டைத் தள்ளிவிட்டு, தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டாள். நடத்தைப் பிரச்சினை, கவனம் ஈர்க்கச் செய்கிறாள், கண்டுகொள்ளாதீர்கள் என்று ஆலோசனை கிடைத்தது. ஆறாம் நாள் பல் மருத்துவர் கடைவாய்ப் பல்லின் அடியில் சீழ் கட்டியிருப்பதைக் கண்டுபிடித்தார். இவர்களுக்கு வலி தெரியாது என்று பலரும் நம்புகிறார்கள். வலி தெரியும்; அதைச் சொல்வதற்கு நேரமும் வழியும் தேவைப்படுகின்றன. அதற்குப் பிறகு உடல் வரைந்த ஒரு அட்டையில் வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்ட, வலி இல்லாத நாட்களிலேயே விளையாட்டுப்போலப் பழக்கினேன். வலி வந்த பிறகு இதைக் கற்றுக்கொடுக்க முடியாது. நேற்றுவரை செய்ததை இன்று செய்யவில்லை என்றால், நேற்று இல்லாத நடத்தை இன்று வந்தால், டவுன் சிண்ட்ரோம் அதற்குக் காரணமாக இருக்க முடியாது, அது நேற்றும் இருந்ததே என்று இப்போது மருத்துவரிடம் நேரடியாகச் சொல்கிறேன். மரியாதையோடுதான் சொல்கிறேன், ஆனால் விடுவதில்லை.

இடையில் ஒன்று. அவளுடைய இரண்டாம் வயதில், அறிவு வளர்ச்சியை உயர்த்தும் என்று விற்கப்பட்ட வைட்டமின் கலவை ஒன்றைப் பல மாதங்கள் வாங்கிக் கொடுத்தேன். அப்படி எந்த மாத்திரையும் பயன் தருவதாக நிரூபிக்கப்படவில்லை. அந்தப் பணமும் நம்பிக்கையும் ஒரு செவிப் பரிசோதனைக்குப் போயிருக்க வேண்டியவை.

பத்து வயதுக்குப் பிறகு மருத்துவமனைப் பயணங்கள் குறைந்தன. சில ஆண்டுகள் அமைதியாகவே போயின. 12 வயதில் மாதவிடாய் வந்தது. மற்றப் பெண் குழந்தைகளுக்கு வரும் வயதில்தான் இவர்களுக்கும் வருகிறது என்பது தெரிந்திருந்ததால், ஓராண்டு முன்பே படங்களோடு சொல்லி, பேடு வைக்கப் பழக்கியிருந்தேன். மாதத்தில் இரண்டு நாள் அவள் அடம்பிடிப்பதை நாட்காட்டியில் குறித்து வைத்த பிறகுதான் அது வயிற்று வலி என்று தெரிந்து மருந்து கொடுக்க முடிந்தது. உடலின் எந்தப் பகுதியை யார் தொடலாம், யார் தொடக் கூடாது, மருத்துவர் தொடுவதற்கு முன் ஏன் கேட்க வேண்டும் என்பதையும் அந்த வயதில் பேசியாக வேண்டும். சிறு வயதிலிருந்து பலர் கை வைத்துச் சோதித்த உடல் அது. மறுக்கலாம் என்பதே அவளுக்குப் புதிய பாடமாக இருந்தது.

கண்களை அவள் கசக்கிக்கொண்டே இருந்தாள். பழக்கம் என்று விட்டிருந்தோம். ஓராண்டில் இரண்டு முறை கண்ணாடியின் அளவு மாறியபோது கண் மருத்துவர் கருவிழியின் வடிவத்தை அளக்கும் பரிசோதனை செய்து, அது கூம்புபோல முன்னால் நீளத் தொடங்கியிருப்பதைக் கண்டார். இது வளரிளம் பருவத்தில் தலைகாட்டும் நோய். கண்ணைக் கசக்குவது அதை மோசமாக்கும். கருவிழியை உறுதிப்படுத்தும் சிகிச்சையை உரிய நேரத்தில் செய்தால் மேலும் கெடாமல் நிறுத்த முடிகிறது. அவளுக்கு ஒரு கண்ணில் செய்தாயிற்று.

14 வயதில் அவள் பேச்சு குறைந்தது. படிப்புக்காக அண்ணன் வீட்டை விட்டுப் போயிருந்தான். அறையிலிருந்து வெளியே வர மறுத்தாள், தனக்குத்தானே முணுமுணுத்தாள், தானே செய்துவந்த தலைவாருதலை நிறுத்திவிட்டாள். டவுன் சிண்ட்ரோம் உள்ள வளரிளம் பருவத்தினரில் சிலருக்கு, சில வாரங்களிலோ மாதங்களிலோ பேச்சும் திறன்களும் பின்வாங்கும் ஒரு நிலை வருகிறது என்று படித்திருந்ததால் மிகவும் பயந்துவிட்டேன். மருத்துவர் முதலில் பொறுமையாக ஒவ்வொன்றாகச் சோதித்தார்: தைராய்டு, பி12, காது, கண், பல், பிறகு தூக்கம். பருவ வயதில் கூடிய எடையோடு மூச்சடைப்பும் திரும்பியிருந்தது. கருவியின் அழுத்தத்தை மாற்றி அமைத்ததும் பாதி தெளிந்தாள். மீதிப் பாதி அண்ணனின் பிரிவு. தினமும் ஒரே நேரத்தில் வீடியோவில் அவனோடு பேசுவதும், மனநல ஆலோசகரோடு படம் வரைந்து பழகியதும் சில மாதங்களில் அவளை மீட்டன. ஒரு காரணம் கிடைத்ததும் தேடலை நிறுத்தியிருந்தால் மற்றதைத் தவறவிட்டிருப்போம்.

இப்போது நான் எழுதிக்கொண்டிருப்பது இன்னும் சில ஆண்டுகளுக்குப் பிறகு தேவைப்படப்போகும் பக்கங்கள். அவசரத்துக்கு உதவும் ஒரே தாள் ஒன்று தயாராக இருக்கிறது: இதய அறுவை நடந்த தேதி, வால்வில் இருக்கும் லேசான கசிவு, தினசரி மாத்திரைகள், கழுத்து, குறுகிய மூச்சுக்குழல், அவளிடம் எப்படிக் கேட்டால் பதில் வரும் என்பது. குழந்தை மருத்துவர் அவளைப் பெரியவர்களுக்கான மருத்துவரிடம் ஒப்படைக்கும் நாள் நெருங்குகிறது. புதியவர் 16 ஆண்டுக் கதையைக் கேட்க மாட்டார், அந்தத் தாளை வாசிப்பார்.

1980களின் தொடக்கத்தில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் 25 ஆண்டுகளை ஒட்டியிருந்தது. இன்று நல்ல மருத்துவம் கிடைக்கும் நாடுகளில் அது 60 ஆண்டுகளை நெருங்கியிருக்கிறது. இதய அறுவை சிகிச்சை பரவலானது இதற்குப் பெரிய காரணம். அந்த நீண்ட வாழ்வின் பிற்பகுதியில், அல்சைமர் நோய் மற்றவர்களைவிடப் பல ஆண்டுகள் முன்னதாகவே இவர்களுக்கு வருகிறது. மூளையில் படியும் புரதத்துக்கு மூலமான மரபணு 21ஆம் குரோமோசோமில்தான் இருக்கிறது. அப்போது அவளைப் பார்க்கும் மருத்துவர், முன்பு இவளால் என்னவெல்லாம் முடிந்தது என்று கேட்பார். பதில் சொல்ல நான் இல்லாமல் போகலாம். ஆகவே ஒவ்வொரு பிறந்தநாளன்றும், அவள் தானே குளித்து உடுத்துவதாகச் சொல்வதையும், வீட்டில் எல்லோர் பெயரையும் முறை வைத்துச் சொல்வதையும், கடிகாரம் பார்த்துத் தன் மாத்திரையை எடுப்பதையும் பத்து நிமிடம் படம் பிடித்து வைக்கிறோம். இந்த ஆண்டுப் பதிவில், முகமூடியை எப்படிக் கழுவ வேண்டும் என்று கேமராவைப் பார்த்து அவளே விளக்குகிறாள். அந்த விவரத்தை நோட்டில் தேதியோடு எழுதி, அதன் ஒரு பிரதியை அவளுடைய அண்ணனுக்கும் அனுப்பியிருக்கிறேன்.